எனக்கும் செல்விக்கும் வந்த நோய்

பனியனில் இருந்த கறையை முதலில் பார்த்தவள் என் மனைவி சாந்தி. துவைக்கிற கல்லில் அதை விரித்துப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள். இடது மார்புக் காம்பு படுகிற இடத்தில், மிளகாய் விதை அளவில் ஒரு பழுப்புப் புள்ளி.

"ஏனுங்க, இது ரத்தமாட்டம் இருக்குது. எங்கியாவது குத்திக்கிட்டீங்களா?"

"மிளகு பறிக்கறப்ப ஏணி ஒரசியிருக்கும்," என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன். சேர்வராயன் மலையில் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரங்களில் ஏறி நிற்கும். ஏணியைச் சாத்தி மேலே போய், நெஞ்சை ஏணியோடு அழுத்திக்கொண்டு இரண்டு கையாலும் பறிக்க வேண்டும். கிளியூருக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. அதில் வேலை இல்லாதபோது எஸ்டேட்டுக்கு மிளகு பறிக்கப் போவேன். சின்ன வயதிலிருந்து இதுதான் தொழில்.

காம்புக்குப் பின்னால் ஒரு கட்டி இருப்பது எனக்கு அதற்கு முன்பே தெரியும். புளியங்கொட்டை மாதிரி இருந்தது. வலி இல்லை. வலிக்காத எதையும் எங்கள் பக்கம் யாரும் நோய் என்று சொல்வதில்லை.

சாந்தி விடவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே டாக்டர் வாரத்தில் சில நாள்தான் வருவார். நாங்கள் போன நாளில் இருந்தார். சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார், சீழ்க்கட்டியாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார். அவர் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. வெளியே அவ்வளவு பேர் நின்றிருந்தார்கள். அந்தச் சுவரில் மார்பகப் புற்றுநோயைப் பற்றி ஒரு படம் ஒட்டியிருந்தது. படத்தில் இருந்தது ஒரு பெண். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் நான் மாத்திரைக்குக் காத்திருந்தேன்.

மாத்திரையில் கசிவு நின்றது போல இருந்தது. பிறகு காப்பிப் பழம் பழுத்தது. பழம் பறித்து, உலர்த்தி, மூட்டை கட்டி முடிக்கும்வரை உடம்பைப் பற்றி நினைக்க நேரமில்லை. முடித்துவிட்டு ஒருநாள் கண்ணாடியில் பார்த்தபோது காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. சதையை யாரோ உள்ளிருந்து நூல் கட்டி இழுத்த மாதிரி.

அடுத்த நாளே சேலத்துக்கு இறங்கினோம்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் பெஞ்சு முழுக்கப் பெண்கள். சாந்தி பக்கத்தில் நான் ஒருவன்தான் ஆண். கதவைத் திறந்த ஊழியர் சாந்தியைப் பார்த்து, "பேஷண்ட் மட்டும் உள்ள வாங்க. ஆம்பளைங்க வெளிய இருங்க," என்றார். சாந்தி எழுந்து நின்றுகொண்டு என்னைக் காட்டினாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் என் சட்டையைப் பார்த்தார்கள். நான் சட்டைப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அறுவை சிகிச்சை டாக்டர் ஒரு பெண். கட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அக்குளில் விரலை அழுத்தி நீண்ட நேரம் வைத்திருந்தார். பயாப்சி (கட்டியிலிருந்து ஊசியால் சிறு துண்டு சதையை எடுத்துச் சோதிப்பது) செய்ய வேண்டும் என்றார். முடிவு வந்த அன்று எங்கள் இருவரையும் உட்கார வைத்தார்.

"கோவிந்தன், இது மார்பகப் புற்றுநோய்."

"எனக்கு ஏதுங்க மார்பகம்?"

"எல்லாருக்கும் அந்தச் சதை கொஞ்சம் இருக்கும். ஆம்பளைங்களுக்கு இது கம்மியா வரும். ஆனா வரும். வந்தா லேட்டாத்தான் கண்டுபிடிக்கறோம்."

சாந்தி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்த நேரத்தில் பயம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. ஊருக்குப் போய் இதை எந்த வார்த்தையில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் கேட்டார்: "குடும்பத்துல யாருக்காவது இருந்திருக்கா?"

அம்மாவை நினைத்தேன். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா இறந்தாள். நெஞ்சில் புண் வந்து செத்துப்போனாள் என்று சொல்வார்கள். அந்தப் புண்ணுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. எந்த டாக்டரும் அதைப் பார்த்ததும் இல்லை.

"கூடப் பிறந்தவங்க?"

"ஒரு தங்கச்சிங்க."

"அவங்களைச் சீக்கிரம் கூட்டிட்டு வாங்க," என்றார். அதை இரண்டு தடவை சொன்னார்.

தங்கை செல்வியைச் செம்மநத்தம் தாண்டி ஒரு சிற்றூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். பஸ் போகும் இடத்திலிருந்து இறங்கி நடக்க வேண்டும். அவள் கணவர் வருடத்தில் பாதி நாள் குடகுப் பக்கம் தோட்ட வேலைக்குப் போய்விடுவார். ஒரே மகன் திருப்பூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். நாங்கள் போனபோது அவள் வாசலில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு எதுவும் வரவில்லை. நேராகச் சொன்னேன்.

"செல்வி, எனக்கு மாருல புத்துநோயாம்."

அவள் முறத்தை நிறுத்தவில்லை. "அது பொம்பளைங்களுக்கு வாறதில்லீங்களாண்ணா?"

"எனக்கும் வந்திருக்குது. டாக்டரம்மா உன்னையும் ஒருக்கா காட்டச் சொல்றாங்க."

முறம் நின்றது. என்னைப் பார்க்காமல் சாந்தியைப் பார்த்தாள். "அண்ணி, செத்த உள்ள வாங்க," என்றாள்.

நான் வாசலில் நின்றேன். சாமையை நோக்கி வந்த கோழியை விரட்டினேன். சாந்தி வெளியே வந்தபோது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

"அவளுக்குப் புண்ணே ஆயிருச்சுங்க," என்றாள் மெதுவாக. "துணி வெச்சுக் கட்டிக்கிட்டு இருக்கறா."

செல்வி கதவோரம் நின்றிருந்தாள். எப்போது இருந்து என்று கேட்டேன். இரண்டு வருடத்துக்கு மேலாகிறது என்றாள். ஏன் காட்டவில்லை என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"காட்டாம இல்லீங்ணா. ஒருக்கா கீழ போனேன். ஸ்கேன் எடுக்கறவிய அன்னிக்கு இல்ல, அடுத்த வாரம் வான்னாங்க. அடுத்த வாரம் மழை. அப்பறம் பழம் பறிக்கிற வேலை வந்துருச்சு. வலியும் இல்ல. அவியளும் ஊர்ல இல்ல. உங்ககிட்ட வந்து இதை எப்படிங்ணா சொல்லுவேன்?"

அவள் சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு விளங்கியது. நானும் அதே மழையில், அதே பழத்தில்தான் இருந்தேன்.

இருவரும் ஒரே பஸ்ஸில் சேலத்துக்குப் போனோம். பதிவு செய்யும் இடத்தில் என்ன சமூகம் என்று கேட்டார்கள். "மலையாளி" என்றோம். எங்கள் பழங்குடிக்கு அதுதான் பெயர். கேரளத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. எங்கள் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்று சொல்வார்கள். பின்னால் நின்ற கேரளத்து நர்ஸ் அதைக் கேட்டுவிட்டு சந்தோஷமாகச் செல்வியிடம் மலையாளத்தில் ஏதோ கேட்டாள். செல்வி விழித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நர்ஸும் சிரித்தாள். அந்த நடைபாதையில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

செல்விக்கு ஸ்கேன்கள் எடுத்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் என்னை மட்டும் அழைத்தார். கல்லீரலிலும் முதுகெலும்பிலும் பரவியிருக்கிறது என்றார்.

"உங்களுக்கு ஆபரேஷன் பண்ணலாம். அவங்களுக்கு ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் இல்லை. மருந்து ஏத்திப் பார்ப்போம். எவ்வளவு நாள் தாங்குதோ."

"ரெண்டு வருசத்துக்கு முன்ன வந்திருந்தா சரியாயிருக்குங்களா?"

அவர் ஸ்கேன் படங்களை உறைக்குள் போட்டார். "அதுக்கு நான் பதில் சொன்னா, நீங்க அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

வெளியே வந்தேன். செல்வி பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்துப் பெண்ணிடம் மாதுளம் பழம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னாங்க?" என்றாள். "மருந்து ஏத்தணுமாம்," என்றேன். "உங்களுக்கு?" "அறுக்கணுமாம்." அவள் என் கையில் மாதுளை முத்துகளைக் கொட்டினாள். தனக்கு ஏன் அறுக்கவில்லை என்று அவள் கேட்கவேயில்லை. கேட்காததால் அவளுக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

என் இடது மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிகளையும் (நோய் பரவும் வழியில் இருக்கும் சிறு முடிச்சுகள்) எடுத்தார்கள். காயம் ஆறியதும் எனக்கும் கீமோ (நோய்ச் செல்களைக் கொல்லும் மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவது) தொடங்கியது. செல்விக்கும் எனக்கும் ஒரே நாளில் வருமாறு டாக்டர் ஏற்பாடு செய்தார். மலையிலிருந்து வருபவர்களுக்கு அவரால் முடிந்தது அது.

மருந்து ஏற்றிக்கொள்வது பெரிய கஷ்டமில்லை. அதை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவதுதான் கஷ்டம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் குடல் வாய்வரை வந்து திரும்பும். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, நான் ஜன்னலுக்கு எட்டுவதற்குள் வாந்தி எடுத்துவிட்டேன். முன்னால் இருந்தவர் மீது தெறித்தது. சுற்றுலா வந்தவர் போல.

"பட்டப்பகல்லயே குடிச்சிட்டு ஏறிடறானுங்க," என்றார்.

நான் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். செல்விதான் எழுந்தாள். தலையில் முடி இல்லாததால் முக்காடு போட்டிருந்தாள். "குடிச்சவர் இல்லீங்க. நாங்க ரெண்டு பேரும் மருந்து ஏத்திட்டு வாறோம்," என்றாள். தன் முந்தானையால் அவர் தோளைத் துடைக்கப் போனாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று நகர்ந்துகொண்டார். பிறகு எழுந்து போய்ப் பின்னால் நின்றார். எங்களுக்கு இடம் விட்டாரா, எங்களைத் தொட அஞ்சினாரா என்று தெரியவில்லை.

அவள் மருந்தை நிறுத்தியது அதற்கடுத்த மாதம். பஸ் நிறுத்தம் வரை நடக்கவே அவளால் ஆகவில்லை. முதுகெலும்பு வலி வந்துவிட்டது. ஜீப்பில் அழைத்துப் போனால் பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் கத்தினாள். "என்னால இந்த வளைவு இனி ஆகாதுங்ணா. என்னைய ஊட்டுலயே உட்ருங்க," என்றாள். அவள் கணவர் குடகிலிருந்து வந்துவிட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் சாந்தியைப் பார்த்தேன். யாரும் வற்புறுத்தவில்லை.

டாக்டர் மார்ஃபின் (கடும் வலிக்கான மாத்திரை, கட்டுப்பாடு உள்ள மருந்து, சாதாரணக் கடைகளில் கிடைக்காது) எழுதிக் கொடுத்தார். என் கீமோவுக்குப் போகும்போதெல்லாம் அவளுக்கு வாங்கி வந்தேன். அந்த மாத்திரை அவளுக்கு வேலை செய்தது. அதைப் போட்ட பிறகு கஞ்சி குடிப்பாள், பக்கத்து வீட்டுக் கதை பேசுவாள். வலி இல்லாத மனுஷியாக ஆகிவிடுவாள். அதை நான் எழுதியே ஆக வேண்டும். இந்த நோயில் கடைசி வரை வலித்துத்தான் ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மாத்திரை கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஐப்பசியில் பெருமழை பிடித்தது. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. சுற்றுப் பாதையிலும் மரங்கள் விழுந்துவிட்டன. செல்வியிடம் இருந்த மாத்திரை தீர்ந்தது.

நான் ஏற்காட்டுக்கு நடந்தேன். அங்கே ஒண்டிக்கடை என்கிற முக்கில் இருந்த மருந்துக் கடைக்காரர் சேலத்துக்காரர், எனக்குப் பல வருடப் பழக்கம். டாக்டர் எழுதியதைக் காட்டினேன்.

"இதை நாங்க வெக்க முடியாதுங்க. லைசென்ஸ் வேற வேணும். காய்ச்ச மாத்திரை இருக்குது, அதுல கொஞ்சம் ஸ்ட்ராங்கா ஒண்ணு தரட்டுங்களா?"

அது ஒன்றுக்கும் ஆகாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாங்கிக்கொண்டேன். வெறுங்கையோடு போக முடியாது.

வழியில் மழை நிற்கவில்லை. அவள் வீட்டு வாசலுக்கு வரும்போதே சத்தம் கேட்டது. அழுகை இல்லை. மூச்சை விடும்போதெல்லாம் கூடவே வரும் ஒரு ஒலி. சாந்தி அவள் முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துப் பிடித்திருந்தாள். அவள் கணவர் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். செல்வி என் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். மாத்திரையின் நிறம் வேறு என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. வாயைத் திறந்தாள். கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "கேக்குதுங்ணா," என்றாள். "நல்லாக் கேக்குது. நீங்க துணி மாத்துங்க, நனைஞ்சிருக்கீங்க."

சொல்லி முடித்ததும் போர்வையின் முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். நான் எழுந்து வெளியே போய் நின்றேன். பாதை திறக்கும்வரை எத்தனையோ முறை அந்த மாத்திரையைக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் அவள் "கேக்குது" என்றாள்.

பாதை சரியானதும் முதல் பஸ்ஸில் இறங்கி மார்ஃபின் வாங்கி வந்தேன். அதைப் போட்ட பிறகு அவள் தூங்கினாள். அதற்குப் பின் அதிகம் பேசவில்லை. மழை விட்டு வெயில் வந்த ஒரு முற்பகலில், சாந்தி அவளுக்குத் தலை துடைத்துக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது.

பிறந்த வீட்டுக் கோடித் துணியை நான்தான் போர்த்த வேண்டும். இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. சாந்தி இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

என் சிகிச்சை நிற்கவில்லை. கீமோ முடிந்து ரேடியேஷனுக்கு (கதிர் பாய்ச்சி மிச்ச நோயை அழிப்பது) வேறு ஊருக்கு அனுப்பினார்கள். தங்கியிருந்து எடுத்துக்கொண்டேன். இப்போது தினம் ஒரு மாத்திரை. பெண்களுக்குச் சுரக்கும் சுரப்பைத் தடுக்கும் மாத்திரை அது. எனக்கும் திடீரென உடம்பெல்லாம் அனல் வீசி வியர்க்கும். சாந்திக்கு மாதவிலக்கு நிற்கிற வயது, அவளுக்கும் அதே வியர்வை. "நல்ல வேளைங்க, தொணைக்கு ஆளாச்சு," என்றாள் ஒருநாள். இருவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இடது கை வீங்கியிருக்கிறது. அக்குளில் நெறிகளை எடுத்தால் நீர் வடியாமல் இப்படித் தேங்குமாம். ஏணி ஏறக் கூடாது, முள் கிழிக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. மலையில் விவசாயம் செய்பவனிடம் இதைச் சொன்ன டாக்டர், சொல்லிவிட்டுத் தானே தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மாவையும் சேர்த்து மூன்று பேருக்கு ஒரே குடும்பத்தில் வந்திருப்பதால் மரபணுச் சோதனை (நோய் பரம்பரையாக வருகிறதா என்று ரத்தத்தில் பார்ப்பது) செய்தால் நல்லது என்றார். ரத்தத்தை வெளியூருக்கு அனுப்ப வேண்டும், காப்பீட்டில் வராது, இங்கே செய்ய வழியில்லை என்றும் அவரே சொன்னார். எங்களுக்கு ஒரே மகள், பவித்ரா. சேலத்தில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். லீவில் வந்தபோது அவளிடம் சொன்னேன். மறைக்க மனமில்லை.

"எனக்கும் வருங்களாப்பா?"

"தெரியல சாமி."

"எப்பத் தெரியும்?"

"அதுவும் தெரியல கண்ணு."

நான் அவளுக்குச் செய்யக்கூடியது என்று டாக்டர் சொன்னது ஒன்றுதான்: அவள் தன் உடம்பைத் தானே தொட்டுப் பார்க்கப் பழக வேண்டும், ஏதாவது தட்டுப்பட்டால் அன்றே வர வேண்டும். அன்றே வருவதற்கு மழை விட வேண்டும், பஸ் வர வேண்டும், ஸ்கேன் எடுப்பவர் இருக்க வேண்டும். இவற்றில் எதுவும் என் கையில் இல்லை. அவள் கையிலும் இல்லை.

இதைப் படிக்கும் ஆண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குளிக்கும்போது மார்பைத் தடவிப் பாருங்கள். கட்டி இருந்தால் வெட்கப்படாமல் போங்கள். எல்லோரும் உங்களையே பார்ப்பார்கள், பார்க்கட்டும். மலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதைச் சொல்ல முடியவில்லை. சீக்கிரம் போங்கள் என்று எழுதத் தோன்றுகிறது. எழுதினால் செல்வியின் முகம் வருகிறது. அவள் போனாள். போனவளை அடுத்த வாரம் வா என்று திருப்பி அனுப்பினார்கள்.

முன்பெல்லாம் எனக்கு வருடம் என்பது காப்பி பூப்பதும் பழம் பறிப்பதும்தான். இப்போது ஒரு செக்கப்பிலிருந்து அடுத்த செக்கப் வரைக்கும்தான் நாள். டாக்டர் அழுத்திப் பார்த்து "ஒண்ணும் இல்லை" என்று சொன்னதும் கொஞ்ச நாள் கையில் கிடைக்கிறது. அது முடிய முடிய நாளை எண்ணத் தொடங்குகிறேன். அதற்கு அப்பால் நடப்பதைப் பற்றி யாராவது பேசினால், பவித்ரா படிப்பு முடித்த பிறகு, அவள் கல்யாணத்துக்கு என்று சாந்தி ஆரம்பித்தால், நான் எழுந்து போய்விடுகிறேன்.

கை வீக்கத்தால் குளிக்கும்போது சாந்திதான் தண்ணீர் ஊற்றுகிறாள். அறுத்த இடத்தில் தோல் மரத்துவிட்டது. அங்கே சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. முதலில் தன் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவாள். "சூடு பத்துதுங்களா?" என்று கேட்பாள். "வலது பக்கம் ஊத்து, சொல்றேன்," என்பேன். இடது பக்கத்தில் தண்ணீர் விழுவது காதுக்குக் கேட்கிறது. உடம்புக்குத் தெரிவதில்லை.